வாணலி ஏற்றாத பிறந்தநாள்

என் அருமை வம்புக்காரி செல்விக்கு,

உன் மதினி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரித்துக்கொள். இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீயோ தை மாதமே கிளம்பிப் போய்விட்டாய். போனில் கூப்பிடலாம் என்றால், இருந்தபோதே என் போனை முதல் தடவையில் எடுக்காதவள் நீ.

நேற்று உன் மகள் மிட்டுவுக்கு எட்டு வயது முடிந்தது.

முதலில் பிறந்தநாளே கிடையாது என்றுதான் இருந்தது. என் தம்பி, அதுதான் உன் புருஷன், முன்னாலேயே சொல்லிவிட்டான். "வருஷம் திரும்புற வரைக்கும் ஒண்ணும் கெடையாதுக்கா. வாணலி ஏத்தி இனிப்பு பண்ணக் கூடாதுல்லா. நம்ம ஊர்ல அப்படித்தான?"

நம் ஊரில் அப்படித்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவன் மாதிரி இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு வழக்கம் கிடைத்ததே என்று அதன் பின்னால் போய் நின்றவன் மாதிரி இருந்தது. கல்கத்தாவில் அந்த டாக்குரியா வீட்டில் இப்போது உன் பெயரை யாரும் சொல்வதில்லை, செல்வி. சொன்னால் மகள் அழுதுவிடுவாளோ என்று அவன் வாயைத் திறப்பதில்லை. சொன்னால் அப்பா அழுதுவிடுவாரோ என்று அவள் திறப்பதில்லை. உன் படத்துக்கு மட்டும் தினமும் பூ மாறுகிறது. இப்படியே விட்டால் உன்னைச் சாமியாகவே ஆக்கிவிடுவார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நீ சாமியா? உன்னோடு பத்து வருஷம் குடும்பம் பண்ணியவர்கள் நம்புவார்களா?

போன வாரம் மிட்டு எனக்குப் போன் செய்தாள். குரலே வெளியில் வரவில்லை.

"அத்தை, கேக் வேண்டாம். அம்மாவோட சாக்லேட் பொரி மட்டும் பண்ணலாமா? அப்பாகிட்ட கேக்க பயமா இருக்கு."

உன் சாக்லேட் பொரி. நியூ டவுனில் யாரோ வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் டப்பாவில் வரும் வெளிநாட்டுப் பொரியைச் சாக்லேட்டில் தோய்த்துக் கொடுத்தார்கள் என்று தின்றுவிட்டு வந்தாய். "இதுக்கு எதுக்கு மதினி டப்பா? நம்ம ஸ்டேஷன் வாசல்ல விக்கிற பொரி போதாதா?" என்றாய். வாரம் முழுக்கக் கடுகெண்ணெய் போட்ட காரப் பொரி தின்கிற இந்த ஊர்ப் பிள்ளைகள், அதே பொரியைச் சாக்லேட்டோடு பார்த்ததும் கேக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் உன் கதவைத்தான் தட்டினார்கள்.

நேற்றுக் காலையில் ஜாதவ்பூரில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து நேரே போய் நின்றேன். மழை. அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான் உன் புருஷன்.

"லேய், வாணலி ஏத்தக் கூடாது. அவ்வளவுதான?"

"ஆமாக்கா."

"ஏத்தல. அடுப்பே பத்த வைக்கல. போதுமா?"

"அடுப்பில்லாம என்னக்கா இனிப்பு?"

"உன் பொண்டாட்டி பண்ணுவாளே, அது. சாக்லேட்ட மைக்ரோவேவ்ல உருக்கி, பொரியப் போட்டுக் கிண்டி, ஃப்ரிட்ஜுல வச்சா ஆச்சு. வேக வைக்கவும் இல்ல, பொரிக்கவும் இல்ல."

"மைக்ரோவேவும் அடுப்புதானக்கா?"

"அது கரண்டுல ஓடுற பெட்டி, லே. டிவி மாதிரி. பதினாறாம் நாள் முடிஞ்சதும் நீ டிவி பாக்கலயா?"

அவன் சிரிக்கவில்லை. "என்னமும் செய்ங்க" என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டான். அவனிடம் அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்க முடியாது.

நானும் உன் மகளும் அடுக்களைக்குள் போனோம். இந்தக் கல்கத்தா மழையில் பொரி வாங்கி வருவதற்குள்ளேயே நமுத்துப் போயிருந்தது. தட்டில் பரப்பிப் பெட்டிக்குள் ஒரு சுற்று விட்டதும் மொறுமொறுவென்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் நான் பெரிய சமையல்காரிதான். அடுத்து ஒரு கிண்ணத்தைக் கழுவி, துடைக்காமல், அப்படியே சாக்லேட்டை உடைத்துப் போட்டு உருக்கினேன். வெளியே எடுத்தால் அது உருகவில்லை. மண்ணாங்கட்டி மாதிரி திரண்டு நின்றது. கிண்டக் கிண்ட இன்னும் இறுகியது.

மிட்டு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "தண்ணி பட்டுருச்சு அத்தை. ஒரு சொட்டு பட்டாலும் போச்சு. அம்மா துணியால மூணு தடவ துடைப்பா." சொன்னவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு அறைக் கதவைப் பார்த்தாள்.

எட்டு வயதுப் பிள்ளை அப்படிப் பார்க்கலாமா, செல்வி? எனக்கு அழத்தான் வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை உன்னை வம்புக்கு இழுப்பதுதானே?

"ஆமா, உங்கம்மா பெரிய கெட்டிக்காரி. அவ மொத மொத பண்ணப்போ என்ன ஆச்சுன்னு தெரியுமாட்டி உனக்கு?"

"என்ன ஆச்சு?"

"தட்டுல தாளும் போடாம, வெண்ணெயும் தடவாம கொட்டி ஃப்ரிட்ஜுல வச்சா. சாயங்காலம் எடுத்தா வரல. கத்திய வச்சு நெம்பினா, கத்தி வளஞ்சுது. கடைசில உங்கப்பன் சப்பாத்திக் கட்டையால ஒரு அடி அடிச்சான். ஒரு துண்டு ஜன்னல் வழியாத் தெறிச்சுப் போயி, பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, அந்த பௌதி இருக்காங்கல்ல, அவங்க பால்கனில புடவைய விரிச்சுக் காயப் போட்டிருந்தாங்க, அது மேல ஒட்டிக்கிட்டுது. உங்கம்மா அந்த பௌதிகிட்ட என்ன சொன்னா தெரியுமா? காக்கா போட்டுதுன்னு."

முதலில் மிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிச் சிரித்தாள், முடியவில்லை, தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காக்கா சாக்லேட் போடுமா அத்தை?"

"உங்கம்மா வளத்த காக்கா போடும்."

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் உன் புருஷன். ஹெட்போன் கழுத்தில் தொங்குகிறது. தொலைந்தது என்று நினைத்தேன். மிட்டுவின் சிரிப்பும் நின்றுவிட்டது.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தட்டு இல்லக்கா அது," என்றான். "இட்லிக் கொப்பரை மூடி."

"மூடியா, லே?"

"மூடிதான். தட்டுன்னா குழி இருக்காதுல்ல. அந்தக் குழிக்குள்ள போயி பிடிச்சுக்கிட்டுது." மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அத்தையெல்லாம் போனப்புறம் உங்கம்மா அந்த மூடிய மடியில வச்சுக்கிட்டு ஸ்பூனால சுரண்டிச் சுரண்டி முழுசையும் தின்னுட்டா. எனக்கு ஒரு துண்டு தரலை."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட. கேட்டேன், கட்டையால அடிச்சவனுக்குக் கிடையாதுன்னுட்டா."

சொல்லும்போதே அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். மிட்டு தன் பாவாடையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள். அந்த வீட்டில் இத்தனை மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. அப்புறம் என்ன, புதுச் சாக்லேட் வாங்க அவனே குடையோடு இறங்கினான். கிண்ணத்தை அவனே துடைத்தான். காகிதக் கப்புகளில் அள்ளி அள்ளி அமுக்கினான். ஒவ்வொரு கப்புக்கும் உன்னைப் பற்றி ஏதாவது ஒன்று சொன்னான். கலியாணத்துக்கு முன்னால் நீ என்னை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாய் என்பதும் வெளியே வந்துவிட்டது. அதை நான் மறக்க மாட்டேன்.

மிட்டு போய்க் கூப்பிட, மாலையில் கட்டடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அலங்காரம் இல்லை, பாட்டு இல்லை. பக்கத்து வீட்டு பௌதி வழக்கம்போல் ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து மிட்டுவுக்கு ஊட்டிவிட்டார். மிட்டு ஒரு சாக்லேட் பொரியைக் கடித்து, கண்ணை மூடி மென்று, தீர்ப்புச் சொன்னாள். "அம்மாது மாதிரி இல்ல. கொஞ்சம் கெட்டி. ஆனா பரவாயில்ல அத்தை." என் பரீட்சைகளில் இவ்வளவு மார்க் நான் வாங்கியதே இல்லை.

பிறகு அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, பௌதியை வைத்துக்கொண்டே, அந்தக் காக்காக் கதையை வங்க மொழியில் கைகாலெல்லாம் ஆட்டிச் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பௌதிதான், "அடிப்பாவி, இத்தனை வருஷமா காக்கான்னு நம்பிட்டிருந்தேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். உன் புருஷன் சுவரில் சாய்ந்து, மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன், கேட்டுக்கொள். உன்னை நல்லவள், பொறுமைசாலி, தெய்வம் என்றெல்லாம் சொல்லி உன் மகளை நான் வளர்க்கப் போவதில்லை. ஞாயிறுதோறும் வருவேன். வந்து உன்னை வம்புக்கு இழுப்பேன். உன் கோபம், உன் பொய், உன் தீனி ஆசை, ஒன்றையும் விடமாட்டேன். நீ இல்லாத தைரியத்தில் பேசுகிறேன் என்று நினைக்காதே. உன் கட்சிக்குப் பேச அங்கே ஒருத்தி நாற்காலிமேல் ஏறிவிட்டாள். அவள் வாய்க்கு நான் ஈடு கொடுக்க முடியுமா என்பதுதான் இனி என் கவலை.

என்றும் உன்னை விடாத மதினி,
மிட்டுவின் அத்தை