சாமிக்குப் பின்னால் பூ விலை

2006, கார்த்திகை, செவ்வாய் இரவு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பூக் கமிஷன் கடை அண்ணாச்சிக்கு இணையதளம் செய்து கொடுத்தது நான். தினமும் திண்டுக்கல் பூ விலையை அதில் ஏற்றுவதும் நான்தான். வெளியூர் வியாபாரிகள் தளத்தைத் திறக்காமலே விலை அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர ஒரு செய்தியோடையும் வைத்தேன். அதன் டைட்டில் ‘திண்டுக்கல் பூ விலை’. போதாதா?

“சாமி பேரு இல்லாம எதையும் ஆரம்பிக்கப்படாதும்மா” என்று அண்ணாச்சி அதன் முன்னால் ‘அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமி துணை’ போட வைத்தார். வியாபாரிகளின் திரையில் டைட்டிலின் முதல் சில சொற்கள்தான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

இன்று கோயம்புத்தூர் வியாபாரி போன் செய்தார். “பூ வெல எங்கீங்க வருது? தெனமும் சாமி சமாச்சாரந்தானுங்க வந்துச்சு. வேண்டாம்னு எடுத்துட்டனுங்க.”

அண்ணாச்சியிடம் சொன்னேன். “நீ செஞ்ச லட்சணம் அப்படி!” என்று என்மேல் பாய்ந்தார்.

“ஒங்க கடை போர்டுல சாமி பேரு மேல பொடியாத்தானே இருக்கு அண்ணாச்சி? கடை பேர மறைச்சா எழுதிருக்கீங்க?”

சற்று நேரம் போர்டையே பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஒரு சாமி பத்தல போல. குலதெய்வத்தையும் முன்னால சேத்துரு.”

சேர்த்துவிட்டேன். இனி ஒருவர் கண்ணிலும் பூ படாது. அதுதான் துணைக்கு இரண்டு சாமி இருக்கிறதே, அவர்களே விலை சொல்லட்டும்.