கனகாங்கிக்குப் பரிகாரம்

கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம்
பிரமாதி வருஷம், ஆவணி மாதம்

நாக்பூரில் இருக்கும் என் அகத்துக்காரருக்கு அரவிந்தவல்லி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அம்மா சௌக்கியம். பசு சௌக்கியம். என்னைப் பற்றி நீங்கள் விசாரிக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மா பெயருக்கு ஏன் போட்டீர்களோ தெரியவில்லை. அவர் தபால்காரனையே நிற்க வைத்துப் படிக்கச் சொல்லி, அடுத்தகத்துப் பூமா மாமி வரை கேட்டாயிற்று. மாண்டலினை ரோசரியிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்த சேதி வந்த பிறகுதான் எனக்கு ரயில் டிக்கெட் அனுப்புவீர்கள், இல்லாவிட்டால் நான் பிறந்தகத்துக்கே போய்விடலாம். அதுதானே? ஆபீஸ் உத்தரவு மாதிரி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மாண்டலினை நானா கேட்டேன்? பொன்மலை ரயில் பட்டறையில் உங்களோடு வேலை பார்த்த ரோசரி, முன்பு ஊமைப்படக் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்தார். பேசும் படம் வந்து அந்த வேலை போனதும் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். கல்யாணமான வருஷம் நீங்கள்தான் ஆசை ஆசையாக அதை வாங்கி வந்து என் மடியில் வைத்தீர்கள். வீணை பழகிய விரலுக்கு இது எம்மாத்திரம் என்றீர்கள்.

கனகாங்கியும் உங்கள் யோசனைதான். வித்வான்களே தோஷம் என்று ஒதுக்கி வைக்கிற விவாதி ராகம் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் சிநேகிதர் சடகோபன் வந்திருந்தபோது, “யாரும் தொடாத ராகமெல்லாம் எங்காத்துல வாசிப்பா” என்று பெருமையடித்துக்கொண்டீர்கள். மேளகர்த்தாப் புத்தகமும் நீங்கள் கொண்டு வந்ததுதான். மார்கழி முழுக்க வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து சாதகம் செய்தேன். ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் மூன்றும் வாத்தியத்தின் அடுத்தடுத்த மெட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு மத்தியமத்துக்கு ஒரே தாண்டல். பாடுகிறவர்களுக்குத் தொண்டை நிலைக்காது. மாண்டலினில் விரலை வைத்த இடத்தில் ஸ்வரம் பேசும், ஆனால் காந்தாரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் வேறு ராகமாகிவிடும். இழுக்காமல் உயிரோடு வாசிக்க எத்தனை பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

ஆனியில் குழந்தைக்கு ஜுரம் கண்டதும் எல்லாம் மாறிவிட்டது. “கண்ட ராகத்தையும் ஆத்துல வாசிச்சா வேறென்ன ஆகும்” என்றார் உங்கள் அம்மா. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஜட்கா வைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டினால் திருச்சியில் டாக்டர் இருக்கிறார், போகலாம் என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தீர்கள். “முதல்ல மத்யமாவதி வாசி. தோஷம் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

கச்சேரி முடிவில் குற்றம் குறை போக மத்யமாவதி வாசிப்பார்கள், சரி. ஜுரத்துக்கு வாசிப்பது எந்த ஊர் வழக்கம்? ஆனாலும் வாசித்தேன். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரை வாசித்தேன். குழந்தை உங்கள் அம்மாவின் மடியில் கிடந்து கதறியது. பிறகு அழுகை மெள்ளக் குறைந்தது. “பாரு, விலகறது” என்றார் அம்மா. நானும் நம்பி இன்னும் நெஞ்சுருகி வாசித்தேன். அழக்கூடத் தெம்பில்லாமல் போனதை, பெற்றவள் நான், ராகத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை திருச்சி டாக்டர், ‘மார்பில் கபம் கட்டிவிட்டது, நேற்றே ஏன் கொண்டுவரவில்லை’ என்று கேட்டார். அந்த மாதம் முடிவதற்குள் நாக்பூரில் வேறு வேலை தேடிக்கொண்டு ரயிலேறிவிட்டீர்கள். இப்போது அங்கிருந்துகொண்டு மாண்டலினைக் கொடு என்று எழுதுகிறீர்கள்.

நான் தினமும் கனகாங்கிதான் வாசிக்கிறேன். தளிகை வேலை முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வாசிக்கிறேன். பூமா மாமி தன் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள், சாத்திக்கொள்ளட்டும். முந்தாநாள் அம்மா வந்து, “கடைசியிலாவது ஒரு மத்யமாவதி வாசிச்சு முடிச்சுடுடீம்மா” என்று கெஞ்சினார். மாட்டேன் என்றேன். அந்த ராகம் எங்கே காதில் விழுந்தாலும் எழுந்து போய்விடுகிறேன். கனகாங்கி என் குழந்தையை ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் சொன்ன பரிகாரம்தான் செய்தது. அதை வாசித்த கை என் கை. உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவில்லை, என்மேல் இருப்பது அதைவிட ஜாஸ்தி.

மாண்டலினைக் கொடுக்கிறேன். வீம்புக்காக வைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். ஊரைவிட்டுப் போனதிலிருந்து எழுதிய கடிதங்களில் எல்லாம் ‘நடந்தது நடந்துவிட்டது’, ‘அந்த விஷயம்’ என்றுதான் எழுதுகிறீர்கள். புண்யாகவாசனத்தன்று தாம்பாளத்து அரிசியில் விரலால் எழுதி, குனிந்து நம் பெண்ணின் காதில் ஒரு பெயர் சொன்னீர்களே. அவள் போன பிறகு அதை நீங்கள் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை. எழுதியும் பார்க்கவில்லை.

நம்பெருமாள் உங்களுக்கு நல்ல தேகபலம் கொடுக்கட்டும். ஒரு கார்டு வாங்கி அந்தப் பெயரை மட்டும் எழுதிப் போடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அது வந்த அன்றைக்கே மாண்டலினை நானே பொன்மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நீங்கள் சொல்கிற ரயிலில் ஏறுகிறேன். எழுதக் கை வராவிட்டால் டிக்கெட்டும் அனுப்ப வேண்டாம்.

அவளைப் பெற்ற
அரவிந்தவல்லி