நீங்கள் கேட்ட ஒரு பக்கம்

போவன்பள்ளி மார்க்கெட் வாசலில் இன்று ஒரு திராட்சை வண்டியின் முன் நின்றுவிட்டேன். நசுங்கிய கறுப்புத் திராட்சையின் வாசனை. "லேனா க்யா, சாச்சா?" என்று, வேண்டுமா எனக் கேட்டார் வண்டிக்காரர். வாங்கவில்லை. உங்கள் நினைவு வந்துவிட்டது, மேடம்.

எங்கள் ஆஸ்பத்திரித் தீக்காய வார்டைப் பிடித்து ஆட்டிய கிருமிக்கும் இதே வாசனைதான். கண்ணாடிச் சாமான் கழுவ ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தவன் நான். கிருமி வளர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றேன். சொல்லித் தந்தவர் எவரும் இல்லை. மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், மருந்துக்கு அடங்காத கிருமிகளின் மரபணுவை முழுதாகப் படிக்கவென்று அங்குள்ள ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து எங்கள் லேபுக்கு வந்தீர்கள். முதல் நாளே, கிருமித் தட்டை முகர்ந்துகொண்டிருந்த என்னைக் கையும் களவுமாகப் பிடித்தீர்கள்.

"அண்ணே, மூக்கை எடுங்க. அது கிருமி, மல்லிப்பூ இல்ல."

"உங்க மெஷின் ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றத என் மூக்கு இப்பவே சொல்லுது."

"மூக்கு பேரைத்தான் சொல்லும். எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாது."

"அதுவும் தெரியும். வார்டு வாஷ்பேசின்லேருந்து."

நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் பேசினில் நான் எடுத்து வளர்த்ததையும், குளிர்பெட்டியில் படுக்கை எண் எழுதி நான் சேர்த்து வைத்திருந்த பழைய குப்பிகளையும் கொண்டுபோனீர்கள். அந்தக் குப்பிகளைக் குப்பை என்று எரிக்கச் சொன்னவர்களிடம் நான் சாவியைக் கொடுத்திருக்கவில்லை.

முடிவைப் போனில் சொல்லாமல் நேரில் வந்தீர்கள். "பேசின்ல இருந்ததும் நாலாம் படுக்கையில இருந்ததும் ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்குண்ணே." அந்த வாரமே பேசினைப் பெயர்த்தார்கள்.

பிறகு கட்டுரை எழுத உட்கார்ந்தீர்கள். பெயர் போட வேண்டுமென்றால் அவரவர் பங்கை அவரவரே எழுத வேண்டுமாம். பேசினைச் சந்தேகப்பட்டது எப்படி என்று ஒரு பக்கம் கேட்டீர்கள். "எல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்கு, வந்து பாத்துக்குங்க" என்றேன். கட்டுரை வந்தது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் பொடி எழுத்தில். அதோடு உங்களிடம் பேசுவதை நிறுத்தினேன்.

அடுத்த கட்டுரைக்காக லோத்குண்டாவில் என் வீட்டுக்கே தேடி வந்தீர்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"ஒரு பக்கம் போதும்ணே. தமிழ்லயே எழுதுங்க, நான் மாத்திக்கிறேன்."

"நக்கோ", வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மழைக்காலத்தில், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று லேபில் சொன்னார்கள்.

என் பெயர் மேலே வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட, அந்தக் கேட்டையாவது திறந்திருக்கலாம். இப்போதும் எதையாவது முகரப் போனால் "மூக்கை எடுங்கண்ணே" என்ற குரல் கேட்கிறது. திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இதோ, நீங்கள் கேட்ட பக்கம்.

அன்று பேசினில் தண்ணீர் இறங்கவில்லை என்று வார்டு ஆயா சொன்னார். குனிந்து பார்த்தேன். திராட்சை வாசனை வந்தது. காலையில் நாலாம் படுக்கை நோயாளியின் கட்டுத்துணியிலும் அதே வாசனை வந்திருந்தது. பஞ்சுக்குச்சியைப் பேசின் துளைக்குள் விட்டு எடுத்தேன்.

அவ்வளவுதான், மேடம். அரைப் பக்கம்கூட வரவில்லை.