அந்த டீச்சரின் முழங்கால்

ஜனவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? உன்னிடமிருந்து வெகுநாளாக ஒரு வரி இல்லை. பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்குக் கால் உடைந்தவர்களிடம் மட்டும்தான் பிரியம் போலிருக்கிறது.

ஒரு சந்தேகம். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர், நம் வயதுதான். ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தார்கள். கடைசி நாற்காலிக்குப் பாய்ந்ததில் முழங்கால் முறுக்கி ஜவ்வு கிழிந்துவிட்டது. இப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. டாக்டர் இன்னும் பயிற்சி, பயிற்சி என்கிறார். இவள் விட்டுவிடலாம் என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

உன்,
குட்டை

ஜனவரி 20

அடி குட்டை,

வலி போனதும் கால் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் பிற்பாடு என் வாசலில் வந்து உட்காருகிறார்கள். அடிபட்ட மூட்டு மற்றதைவிடச் சீக்கிரம் தேயக்கூடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் தொடைத் தசை பலமாக இருந்தால் பாதிச் சுமையை அது வாங்கிக்கொள்ளும். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மறுபடி முறுக்கிக்கொள்ளக் கூடாது. காலைப் பொத்திப் பொத்தி வைத்தால் தசைதான் கரையும். அந்தம்மாவைப் பயிற்சிக்குப் போகச் சொல்.

ஏப்ரல் லீவில் உன் வீட்டுக்கு வரலாமென்றிருக்கிறேன்.

நெட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள நெட்டைக்கு,

அந்த டீச்சர் ஒரு நாள் போய் வந்தாள். சுவர் முழுக்கக் கண்ணாடியாம், சுற்றிலும் சின்ன வயசுக்காரர்கள். "ஒத்தைக் கால்ல நில்லுங்க ஆன்ட்டி" என்றதும் தள்ளாடி, பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னாலேயே அவளைப் போலச் சாய்ந்து நடக்கின்றன. தெரிந்தும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

வீட்டில் செய்யலாமென்றால், மாடிப்படியில் வழுக்கி லேசாகச் சுளுக்கியதாகத்தான் அங்கே சொல்லி வைத்திருக்கிறாள், பயிற்சி செய்தால் குட்டு உடைந்துவிடும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றால் இவர் வந்து தட்டிவிடுகிறார்.

ஏப்ரலில் வராதே. வெள்ளையடிக்கிறோம்.

குட்டை

பிப்ரவரி 17

குட்டை,

கல்யாணமான நாளிலிருந்து உன் வீட்டுக்காரரை 'இவர்' என்றுதான் எழுதுகிறாய். அடுத்தவள் வீட்டில் கதவைத் தட்டுகிறவர் எப்படியடி 'இவர்' ஆனார்?

படித்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் எதை மறைத்தாய், இதை மறைக்க? உனக்குக் கூச்சம் பெரிது, எனக்கு உன் கால் பெரிது. ஊன்றி நடக்க முடியாமல் நீயும் ஒரு நாள் என் வாசலில் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது.

ஏப்ரலில் வருகிறேன். வேண்டாமென்றால் எழுது, வரமாட்டேன். ஆனால் அதற்கப்புறம் எந்த டீச்சரைப் பற்றியும் எனக்கு எழுதாதே.

நெட்டை

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். 'என் கால்' என்று எழுதவே கை கூசுகிறது. விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். தரையில் கிடந்தபடி நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் முகம் எரிகிறது. வலித்தது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்.

நேற்று இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாற்காலி கிடைச்சுதா?" என்றார். இல்லை என்றேன். "அடப் பாவமே" என்றார். அவ்வளவுதான். இன்று காலை நான் சுவரில் சாய்ந்து நின்றபோது, யாரும் உள்ளே வராமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டார்.

வெள்ளையடிப்பு எதுவும் இல்லை. நீ வா. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ இறங்கியதும் எழுந்து உன்னிடம் வருவேன். கொஞ்சம் நேரமாகும். பாவமென்று எதிரே ஓடி வந்துவிடாதே. அங்கேயே நின்று, நான் எப்படி நடக்கிறேன் என்று பார்.

உன்,
குட்டை