கவிழ்த்து வைத்த டம்ளர்கள்

நல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அனுக் கண்ணுவுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சோறு இறங்குகிறது, வெயில்தான் ஆளை வாட்டுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அவிநாசியப்பரைக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் நீ கூப்பிட்டபோது நெட் சரியில்லை என்று கட் பண்ணினேனே, நெட் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் சரியில்லை. நாளைக்கு நம் பனியன் யூனிட்டில் சாம்பிள் பெட்டி எடுக்கக் கூரியர்க்காரர் வருவார், அவரிடமே இதையும் கொடுத்துவிடுவேன்.

வீட்டு விஷயம் என்றால், அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ஆனால் ஊறுகாயை மட்டும் விடமாட்டேன் என்கிறார். சேவூர் மாமா வீட்டுக் கவினுக்குப் பெண் பார்க்கிறார்கள், பையனுக்குத் தலையில் முடி இருக்கும்போதே முடித்துவிட்டால் தேவலை. உன் கேம்ப் வேலையும் முடிந்துவிட்டது. உடுமலைத் தோப்பு வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று, கிணற்றைச் சுற்றிக் கம்பிவலை போட்டு மோட்டார் ரூமைப் பூட்டியாயிற்று, பிள்ளைகள் ஓடியாடும் இடம் என்பதால் முற்றின தேங்காயையும் காய்ந்த மட்டையையும் ஆள்விட்டு இறக்கிவிட்டோம். பாய், கொசுவலை, சோப்பு, பாம்புக்கு டார்ச் லைட் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நாளைக் காலை நம் யூனிட் வாசலிலிருந்து வேன் கிளம்புகிறது. லீவில் யூனிட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பிள்ளைகள் போனும் கையுமாக அடைந்து கிடக்கிறார்கள், தோப்பு வீடு சும்மாத்தானே இருக்கிறது, நம் சொந்தக்காரப் பிள்ளைகளையும் யூனிட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்து ஒரு வாரம் நடத்தம்மா என்று நீ சொன்னாய். ஒன்றாக என்பதை நீ அழுத்திச் சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன்.

தட்டும் டம்ளரும்கூட எல்லாருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி எவர்சில்வரில்தான் வாங்கினேன். அதற்குள் உன் பெரிய அத்தை மருதம்மாள் போன் பண்ணினார். அவருடைய பேரன்களும் வருகிறார்கள் அல்லவா, அதனால் விசாரித்தார். எங்கே படுக்கிறது, யார் சமையல் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா பழனாத்தா, தட்டு டம்ளரெல்லாம் தனித்தனியாத்தான வெச்சிருக்கற, அந்தப் பசங்களுதுகோட கலந்துறாம பாத்துக்க" என்றார். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் வாய் "அதெல்லாம் பாத்துக்கறனுங்க" என்றது. சொன்னதோடு விட்டேனா. செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டையும் கறையும் இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே சிவப்பு அம்புக்குறி, ஆரோ ஸ்டிக்கர், சின்ன வயதில் நீ நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவாயே அதுதான், அது எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். அதை எடுத்து வேலைக்காரர்களுடைய பிள்ளைகளின் தட்டிலும் டம்ளரிலும் அடிப்பக்கமாக ஒட்டினேன். அடியில்தானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள், அத்தைக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிற்று, மகளுக்கும் சொன்ன மாதிரி ஆயிற்று என்று ஒரு சமாதானம். என்னைவிடக் கெட்டிக்காரி யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அனுசுயாவையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறாளே, அவள்தான். கட்டிங்கில் மிஞ்சின துணியில் பிள்ளைகளுக்குத் தலையணை உறை எல்லாம் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். அவள் மகள் இசக்கி இந்தக் கேம்ப்புக்கு ஒரு மாதமாகப் பறந்துகொண்டிருந்தது. யூனிட்டுக்கு வரும்போதெல்லாம், "பாட்டி, மலையில இருந்து யானை எறங்கி வருமா" என்று என்னை விடாது. நான் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தேன், அனுசுயா புதுப் பாத்திரத்தையெல்லாம் கழுவப் போனாள். கழுவினால் என்ன செய்வார்கள், தண்ணீர் வடியக் கவிழ்த்துத்தானே வைப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை பார். பீஸில் ஊசி ஓட்டையைக்கூட விடமாட்டேன் என்று பெயர் எடுத்தவளுக்கு அது தோன்றவில்லை. நான் வெளியே வந்தபோது சிமெண்ட் மேடை முழுக்க டம்ளர்கள் கவிழ்ந்து கிடந்தன. பாதி டம்ளர்களின் அடியில் சிவப்பு அம்பு.

அவள் ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இதுல எதுக்கு ஆரோ ஒட்டிருக்கு" என்று கேட்டாள். கணக்குக்காக என்று ஏதோ உளறினேன். "டேமேஜ் பீசுக்குத்தானம்மா இத ஒட்டுவோம்" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீதியையும் கழுவி வைத்துவிட்டு, நாங்கள் வந்த வேனில் ஏறாமல் பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள். ஒவ்வொரு ஸ்டிக்கராக நகத்தால் சுரண்டி எடுத்தேன் கண்ணு. நேற்றுக் காலையில், இசக்கிக்குக் காய்ச்சல், வரமாட்டாள் என்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "ஊருல நடக்காததா, நீ பெருசு பண்ணாத, ரெண்டு நாள்ல அவளே மறந்துருவா" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. இன்று காலை அவள் வீட்டுக்கே போனேன். இத்தனை வருஷத்தில் அந்த லைன் வீட்டு வாசலை நான் மிதித்தது இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தது இசக்கி. காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும், "இந்த வருசம் கேம்ப் இல்லியாம்லா பாட்டி, அம்மா சொன்னாவ. பரவால்ல, அடுத்த வருசம் வைப்பீங்கள்லா" என்றது. பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாது என்று அனுசுயா கேம்ப்பே இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் பண்ணின காரியத்துக்கு அவள் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குழந்தை எனக்கு ஆறுதல் சொல்கிறது.

இசக்கியை உள்ளே அனுப்பிவிட்டு அனுசுயாவிடம், ஸ்டிக்கரையெல்லாம் எடுத்துவிட்டேன், தப்புத்தான், பிள்ளையை அனுப்பு என்றேன். "ஸ்டிக்கர எடுத்துட்டீங்க, சரிம்மா. உங்க சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு வீட்ல சொல்லி அனுப்பியிருப்பாகள்ல, அத எப்படி எடுப்பீங்க" என்று கேட்டாள். உடனே அங்கே நின்றபடியே உன் அத்தைக்குப் போன் போட்டேன். எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தானுங்க சாப்பிடுவார்கள், நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர் பேரன்களை அனுப்பமாட்டேன் என்று வைத்துவிட்டார். இனி அவர் வீட்டு விசேஷத்தில் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார், போகட்டும். அனுசுயா முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன், போனிலேயே பெருமையாகச் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து இசக்கி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற தண்ணீர். வெயிலில் நடந்து போனதில் எனக்குத் தொண்டை வறண்டுதான் கிடந்தது. நான் சொன்னேன், "வேண்டாங் கண்ணு, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்." யோசித்துச் சொல்லவில்லை அனு. அது பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது. அனுசுயா பிள்ளை கையிலிருந்து டம்ளரை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். நான் தெருமுனை வரைக்கும் வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. உன் அத்தையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

நாளைக்கு வேன் வருவதற்கு முன்னால் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகப் போகிறேன். போய் நானே தண்ணீர் கேட்பேன். கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து குடிப்பேன். கொடுக்காவிட்டால் வற்புறுத்தி வாங்க எனக்கு உரிமை இல்லை, அதையும் தாங்கிக்கொண்டு வருவேன். நீ அங்கே உன் சிநேகிதிகளிடம் அம்மா கேம்ப் நடத்துகிறாள் என்று பெருமையடித்தாயாம், இனி அப்படிச் சொல்லாதே, எனக்குக் கூசுகிறது.

நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று நூறு வயசுக்கு நன்றாக இருக்கவேண்டும். வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. கூப்பிட்டதும் இசக்கி வந்தாளா என்று முதலில் கேள். நான் வேறு பேச்சுக்குத் தாவினால் விடாதே, திரும்பவும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பழனாத்தாள்