முப்பத்தேழாம் எண் கொடி

ஏப்ரல் 4

கூரைப் பனி பெரிய சத்தத்தோடு சரிந்து விழுந்தது. திடுக்கிடவில்லை. கறுப்பு ரொட்டி, வெண்ணெய். சாப்பிட்டேன் என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 9

எங்கள் ஓட்டக் கிளப் செயலாளர் ராய்லி போன் செய்தாள்.

"தெர்த்து, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வாடி. ஜூன் தொடர் ஓட்டத்துக்கு நாலாவது ஆள் இல்ல. ஆள் இல்லன்னா அணியே இல்ல."

"காலே வரல."

"கால் தன்னால வரும். நீ ஷூவ மட்டும் மாட்டு."

ஏப்ரல் 15

மாட்டினேன். மேப், திசைகாட்டி, காடு; எண் போட்டு ஒளித்துவைத்த கொடிகளை வரிசையாகத் தேடி ஓடும் எங்கள் ஆட்டம். கால் ஓடியது, நான் ஓடவில்லை.

பிறகு பெண்கள் எல்லோரும் சவுனா என்ற நீராவிக் குளியலறையில். தண்ணீர் வாளியோடு நான் கதவைத் திறக்கும்போது ஹென்னா பேசிக்கொண்டிருந்தாள்: "கடைசியில மூளை கொழம்பியிருக்கும், பாவம். இல்லன்னா ஓஸ்மோ எதுக்கு அந்த ஓடைப்பக்கம் போறான்?"

 ராய்லி என் கையிலிருந்த வாளியை வாங்கிச் சூடான கல்மேல் தண்ணீரை ஊற்றினாள். ஆவி முகத்தை மறைத்தது, நல்லதாகப் போயிற்று.

ஹென்னா சொன்னதைத்தான் ஊரே சொல்கிறது. அக்டோபரில் ஒரு சாயங்காலம், மறுநாள் பயிற்சிக்குக் கொடி கட்டப் போனான் ஓஸ்மோ. கட்டுகிறவர் தனியாகத்தான் போவார், எங்கள் வழக்கம் அது. திரும்பவில்லை. காலையில் முதல் பனிக்கடியில், கொடிகள் இருக்கவேண்டிய இடத்துக்கெல்லாம் சம்பந்தமில்லாத ஓடை வளைவில் கிடந்தான். மாரடைப்பு. மற்ற கொடிகள் அதனதன் இடத்தில் இருந்தன. முப்பத்தேழாம் எண் கொடி மட்டும் அதன் பாறையிலும் இல்லை, பையிலும் இல்லை.

இருட்டில் வழி தெரியாமல் அலைந்தானா? பயந்தானா? என்னைக் கூப்பிட்டானா? இது ஒன்று தெரிந்தால் போதும். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவன் — கணவன் செத்துவிட்டான் என்றுகூட எழுத முடிகிறது, பார்.

ஏப்ரல் 29

மழை.

மே 13

"அடுத்த வாரம் அந்தக் காட்டுலதான் பயிற்சி," என்றாள் ராய்லி. "வேண்டாம்னா சொல்லு, எடத்த மாத்திடறேன்."

வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை.

மே 20

தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

ஆறாவதாகத் தேடவேண்டிய கொடி ஒரு மேட்டுமேல் பாறையில். மேடு வந்தது, பாறையும் வந்தது. கொடியைக் காணோம். நிமிர்ந்தால் பத்தடியில், குதிரை உயரத்துக்கு ஒரு தாய் மூஸ் மான். பின்னால் செம்பட்டைக் குட்டி, பிறந்து ஓரிரு நாள்தான் இருக்கும், நிற்கவே தள்ளாடியது. தாய் காதைப் பின்னால் மடித்தது. பிடரி சிலிர்த்தது. மெல்லப் பின்வாங்கி ஒரு மரத்துக்குப் பின்னால் போகவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் நின்றேன். மிதித்தால் மிதிக்கட்டும் என்று நின்றேன்.

அது பாய்ந்தது. உடம்பு என்னைக் கேட்கவில்லை. பாறையைச் சுற்றி ஓடி, ஊசிமரத்தடியில் போய் விழுந்து, "ஓஸ்மோ!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அது காலை ஓங்கித் தரையில் அடித்தது, மூச்சு விட்டது, நின்றது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு சதுப்புப் பக்கம் போயிற்று.

தலைக்குமேல் கிளையில் ஏதோ ஆடியது. வெளுத்துப்போன ஆரஞ்சுக் கொடித் துணி. அதில் எண் முப்பத்தேழு.

மேப்பை எடுத்துப் பார்த்தேன். நான் நின்றது தப்பான மேடு. இதே மாதிரி இன்னொரு மேடு, இதே மாதிரி பாறையோடு சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அன்று முப்பத்தேழு இருக்கவேண்டிய பாறையும் அதுதான். இரட்டை மேட்டில் ஏமாறுவது எங்கள் ஆட்டத்தில் எல்லோரும் செய்வது. ஓஸ்மோ மட்டும் செய்யமாட்டான், செய்தவர்களைச் சும்மாவும் விடமாட்டான்.

மடையா, நீயுமா?

கடைசிக் கொடி கட்டியபின் காருக்குத் திரும்ப அவன் திசைகாட்டியில் எந்தத் திசை வைத்திருப்பான்? மேப்பில் சரியான பாறையிலிருந்து அன்று அவன் கார் நின்ற இடத்துக்குத் திசை பார்த்தேன். அதே திசையில் இந்தப் பாறையிலிருந்து நடந்தேன். முள், சேறு, எதற்கும் விலகவில்லை.

ஓடை வளைவுக்கே கொண்டுவந்து விட்டது. அவன் கிடந்த இடம்.

அலையவில்லை அவன். பயப்படவில்லை. வேலை முடிந்தது, பை காலி, இதோ கார் என்று நேராக நடந்திருக்கிறான். வழி தவறியது கடைசிவரை அவனுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கவேண்டும் என்று நினைத்திருப்பான், வேறென்ன.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஓவென்று அழுதேன். கொசு வாய்க்குள் போனது.

மே 21

ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது. எத்தனை நாளாக இதைத் தின்கிறேன்?

மே 22

ராய்லியிடம் சொன்னேன்.

"ஓஸ்மோவா? தப்பு மேட்டுலயா? நம்மள என்ன பேச்சு பேசியிருக்கான்!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். "ஹென்னாகிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்," என்றேன்.

தொடர் ஓட்டத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாளாம், ஏப்ரலிலேயே.

ஜூன் 2

நாளைய பயிற்சிக்குக் கொடி கட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். தனியாகப் போனேன். முப்பத்தேழைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். சதுப்புக்கு அந்தப் பக்கத்து மேடு. மேப்பை மூன்று முறை பார்த்தேன். பாறையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டினேன்.

பை காலி. திசைகாட்டியைக் கார் பக்கம் வைத்து நேராக நடந்தேன். பாதி வழியில் காபி குடிக்கவேண்டும்போல் இருந்தது.