ஆடிக் காற்றும் ஒரு படத்திறப்பும்

என் அருமை மாப்பிள்ளை கருப்பையா,

வரும் ஞாயிறு ஆலங்குடி மண்டபத்தில் உன் படத்திறப்பு. திறந்து வைப்பவர் நம் பழைய மேலதிகாரி. அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே, 'விண்கல வழிகாட்டலில் காற்றைக் கணக்கில் சேர்த்த முன்னோடி' என்று போட்டிருக்கிறது. நீ 'அவருக்கு உதவியவர்'. விவரம் அவர் வீட்டிலிருந்தே வந்ததாம். உன் மகன் அப்படியே அச்சடித்துவிட்டான். அவனுக்கு என்ன தெரியும்?

அன்று அலுவலகக் கூட்டத்தில் எழுந்து, பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை, மேற்குக் காற்று வலுத்தால் சற்றுத் தாமதிக்கும் என்றாய். நம் ஆன்டெனா நிற்பதோ அதே பூமியில். சுழற்சியில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால், செவ்வாய்க்குப் போகும் கலம் பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக நினைத்துவிடுவோம். சுழற்சியை அளந்த கணக்கு கைக்கு வரச் சில நாளாகும். இன்றைய சுழற்சியை ஊகிக்கத்தான் வேண்டும். அதற்கு வானிலைக்காரர்களின் காற்றுக் கணிப்பைச் சேர்ப்போம் என்றாய்.

அதற்கு நம் மேலதிகாரி கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒங்க ஊரு ஆடிக் காத்துல அம்மி பறக்கும். பூமியுமாய்யா பறக்கும்?"

"பறக்காது சார். கொஞ்சம் லேட்டாகும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் உன்னைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாய். இன்று காற்றைச் சேர்க்காமல் யாருமே கணிப்பதில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

புயலில் உன் தென்னைகள் சாய்ந்தபோது, "காத்துக்கு எம்புட்டுப் பலம்னு இப்பயாச்சும் நம்புவாங்களா மச்சான்?" என்று நீதான் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரவேற்புரை என்னுடையது. அந்தக் கூட்டத்தில் நடந்ததை அதில் எழுதி, உன் மனைவியான என் தங்கையிடம் காட்டினேன்.

"அண்ணே, வேணாம்ணே. பெரிய மனுசரக் கூப்புட்டு வச்சு அவமானப்படுத்துனோம்னு ஆயிரும்."

"அப்ப மாப்பிள்ளைக்கு நடந்ததுக்கு என்னத்தா பேரு?"

தாளை முதலிலிருந்து மறுபடி படித்தாள். பிறகு, "கண்ணாடிய மறக்காம எடுத்துட்டு வாங்க. பாதியில நிறுத்திறாதீங்க" என்றாள்.

நான் தைரியசாலி அல்ல என்று உனக்குத் தெரியும். நினைவுதான் பிசகிவிட்டதோ என்றுகூட இரவெல்லாம் யோசித்தேன். இல்லை, பிசகவில்லை. அவர் கேள்வியையும் உன் பதிலையும் சொன்னபடியே சொல்வேன். வரவேற்புரை முதலில் வருவதில் ஒரு வசதி, மாப்பிள்ளை: அவர் உன் படத்துத் துணியை விலக்குவதற்கு முன்பே பேசி முடித்திருப்பேன்.

உன் மனைவிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
சிதம்பரம்
வல்லத்திராக்கோட்டை